திங்கட்கிழமைக்கு வைத்த மீன்

மகனே,

வரும் புதன்கிழமை நீ பினாங்குக் கப்பலில் ஏறுகிறாய் என்பதை நேற்று டாவ் மியா சொல்லித்தான் அறிந்தேன். மீன் கூடையைக் கொல்லைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று எண்ணி, "தம்பிக்குத் தகரப் பெட்டி ரொம்பப் பெரிசா வாங்கிட்டாங்க சயா, அதுக்குள்ள அவரே படுத்துக்கலாம்" என்று, வழக்கம்போல் என்னை மரியாதையாகச் சயா என்று விளித்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. பெற்ற மகனின் பயணத்தை அண்டை வீட்டுப் பர்மிய மீன்காரி வாயிலாகத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு என்னைக் கொண்டு வந்தவர் வேறு எவருமல்லர், நானே. ஆகையால் உன்மேல் குறை சொல்ல இக்கடிதத்தை எழுதவில்லை. சொல்ல வேண்டியவை சில உள்ளன. அவற்றை நேரில் சொல்லும் நாவு எனக்கு இல்லை என்பது உனக்கே தெரியும். எழுத்தில்தான் நான் ஓரளவு மனிதன்.

என் தொழிலை நீ கேலி செய்ததுண்டு. இருபத்தேழு ஆண்டுகளாக ரயில்களின் நேர அட்டவணையைத் தயாரிக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். ஒரு வண்டி ஒரு நிலையத்தில் மூன்று நிமிடம் கூடுதலாக நின்றால் அடுத்த பதினொரு நிலையங்களில் மனிதர்கள் காத்து நிற்க நேரும் என்பதைத் தாளில் கோடு போட்டு நிரூபிக்கத் தெரிந்தவன் நான். அது பொய்யான அறிவன்று. ஆனால் அந்த அறிவைக் கெம்மண்டைனிலுள்ள நம் வீட்டுக்குள் கொண்டு வந்து, உணவு மேசையின்மேல் விரித்து வைத்தேன். மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் மூவரே. எவருக்கும் அடுத்த நிலையம் என்று ஒன்று இருக்கவில்லை. இந்தச் சிறு வேற்றுமை எனக்குப் புலப்பட ஐம்பது வயதாயிற்று.

கொல்லையிலிருக்கும் அந்தச் செங்கல் அடுப்பை உன் தாயின் தகப்பனார் கட்டினார். அவர் ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் பங்களாவில் தலைமைச் சமையற்காரராக இருந்தவர். மகளை எனக்கு மணம் முடித்துக் கொடுத்த ஆண்டிலேயே, விடுமுறை நாள்களில் வந்து, தம் கையாலேயே குவிந்த கூரையும் இரும்புக் கதவுமாக அதைக் கட்டி முடித்தார். அதற்காக நான் அவருக்கு நன்றி சொன்னதில்லை. படித்தவன் வீட்டுக் கொல்லையில் பட்லர் ஒருவரின் அடுப்பு நிற்பதை என் அலுவலக நண்பர்கள் பார்த்துவிடக் கூடாதென்று, அதன் முன்னால் மூங்கில் தட்டி ஒன்றை வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். "தட்டி கொஞ்சம் தள்ளி இருக்கட்டும் மாப்பிள்ளை, அனல்ல பத்திக்கும்" என்றார். அவ்வளவுதான். அவர் இறந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னும் அந்தத் தட்டி அங்கேயே இருந்தது. அதற்குப் பின்னால் உன் தாயின் சமையலறை எப்படி நடந்தது என்பது எனக்குத் தெரியாமற் போனதற்கு, நானே வைத்த அந்தத் தட்டியும் ஒரு காரணம்.

ஞாயிறு இரவுச் சாப்பாடு அந்த அடுப்பில்தான் ஆயிற்று. உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை; ஆயினும் அவற்றை எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கின்மேல் கிடத்திய வாத்து. மாவால் மூடி ஒட்டிய சட்டியில் இறைச்சியும் அரிசியுமாக அடுக்கிய சோறு. மழைக் காலம் வந்தால் உல்ல மீன். அந்த மீனுக்கு மயிரிழை போன்ற முள் ஆயிரம். பர்மியர் அதைப் புளிக்காடியும் தக்காளியும் எலுமிச்சைப் புல்லும் சேர்த்து, முள் கரையும்வரை பல மணி நேரம் மூடி வேகவைப்பர். அந்தப் பக்குவத்தை உன் தாய் டாவ் மியாவிடம் கற்றுக்கொண்டு, தன் தகப்பனாரின் அடுப்புக்குள் கொண்டுவந்தாள். கோயிலிலிருந்து திரும்பியதும் அடுப்புக்குள் விறகை எரித்து, தணலை வாரி வெளியே தள்ளி, ஈரத் துணியால் தரையைத் துடைத்துவிட்டு, வலக்கையை முழங்கைவரை உள்ளே நீட்டி ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லத் தொடங்குவாள். அப்பம் கேட்கும் வரியிலேயே கை தாங்காமல் வெளியே வந்தால் ரொட்டிக்கு ஏற்ற சூடு. மன்னிப்புக் கேட்கும் வரிவரை தாங்கினால் மீனுக்கு ஏற்ற சூடு. அது அவள் தகப்பனார் சொல்லிக் கொடுத்த அளவு.

எனக்கு அது அளவாகவே தோன்றவில்லை. ஒருவர் ஜெபத்தை விரைவாகச் சொல்வார், மற்றவர் மெதுவாகச் சொல்வார்; களைத்திருக்கும் நாளில் அவளே மெதுவாகச் சொல்வாள். ஆகவே ஒருநாள் கைக்கடிகாரத்துடன் அவளருகில் நின்று விநாடிகளைக் குறித்துக்கொண்டேன். ரொட்டி பதினொன்று, மீன் பதினெட்டு என்று ஓர் அட்டையில் தெளிவாக எழுதி, அடுப்பருகே சுவரில் ஒட்டினேன். அவள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து அழகா இருக்குங்க" என்றாள். பிறகு வழக்கம்போலக் கையை உள்ளே நீட்டி ஜெபத்தைத் தொடங்கினாள்.

ஏழு மணிக்கு மேசை ஜெபம். ஜெபம் முடிந்த பின் வருபவரின் தட்டு கவிழ்த்து வைக்கப்படும். மறுநாள் காலைவரை அவருக்கு அந்த மேசையில் உணவில்லை. இந்த விதியை நான் கொடுமைக்காக ஏற்படுத்தவில்லை. என் தகப்பனார் குடித்துவிட்டு எந்த நேரமும் வீடு திரும்புபவர். என் தாய் ஆறிய சோற்றின் முன்னால் எங்களைப் பசியோடு உட்கார வைத்துக் காத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் வீட்டில் எவரும் எவருக்காகவும் அப்படிக் காத்திருக்கக் கூடாதென்று உறுதி செய்துகொண்டேன். ஒரு துன்பத்தை ஒழிப்பதற்கென்று செய்த விதி மற்றொரு துன்பத்தைப் பிறப்பிக்கும்போது அதைக் கைவிட வேண்டும். இதை எனக்கு எவரும் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். அது உண்மையன்று. உன் தாய் சொன்னாள், நான் கேட்கவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். அப்போது உனக்கு இருபது வயது. பபேடானில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தாய். ரயில்வேயில் நான் உனக்காகப் பேசி வைத்திருந்த இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தாய். அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. அதை நான் கோபமென்று சொல்லவில்லை, நேரமென்று சொன்னேன். ஆற்றின் அக்கரையிலுள்ள டாலாவிலிருந்து வந்த சம்பான் படகு சேற்றில் தட்டிவிட, நீ முழங்கால் வரை சேறோடு எட்டேகாலுக்கு வாசலில் நின்றாய். மேசை நடுவில் உல்ல மீன் இருந்தது. உன் தட்டு கவிழ்ந்திருந்தது.

"அப்பா, படகு சேத்துல மாட்டிக்கிச்சு. நாலு பேர் இறங்கித் தள்ளினோம்" என்றாய்.

"ஆற்றில் தண்ணீர் எப்போது வற்றும் என்பது நாலு நாளைக்கு முன்னாடியே தெரியும். பார்த்துப் புறப்பட்டிருக்கணும்" என்றேன்.

"ஏங்க, புள்ள நனைஞ்சு நிக்கிறான். தட்டை நிமித்துறேன்" என்று உன் தாய் எழுந்தாள்.

"உட்கார்" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். நீ என்னைப் பார்க்காமல் அந்தத் தட்டைப் பார்த்துச் சிரித்தாய். "உங்க டைம்டேபிள்ல என் பேருக்கு ஒரு ஸ்டேஷனே இல்லப்பா. நான் எங்க வந்து இறங்குறது?" என்றாய். உள்ளே போய் உன் துணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாய். நான் மீனைச் சாப்பிட்டு முடித்தேன். ஒரு முள்கூட இல்லை. அதை அவளிடம் பாராட்டாகச் சொல்லவும் செய்தேன்.

அதன் பின் நீ அந்த மேசைக்கு வரவில்லை. ஞாயிறுதோறும் நானும் அவளும் எதிரெதிரே அமர்ந்து சாப்பிட்டோம். அவள் மிகக் குறைவாகவே உண்டாள். வயதாகிறது என்று எண்ணினேன். உன் தட்டு அலமாரியில் இல்லை. கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டாள் போலும் என்று எண்ணினேன். இருவர் சாப்பிட்ட பின்னும் சட்டியில் மீனிருக்கும். அதை மறுபடி அடுப்புக்குள் வைத்துக் கதவை மூடுவாள். திங்கள் இரவில் அதைப் பற்றிக் கேட்டால் "காலையில ஆயிடுச்சு" என்பாள். டாவ் மியாவுக்குக் கொடுத்திருப்பாள் என்று எண்ணினேன். பார், எத்தனை எண்ணியிருக்கிறேன்; ஒன்றையாவது அவளிடம் கேட்டிருக்கலாம்.

இந்த ஆண்டு மழைக் காலத்தில் அவள் படுக்கையில் விழுந்தாள். நுரையீரலில் நீர் கோத்திருப்பதாக மருத்துவர் சொன்னார். இருபத்தேழு ஆண்டுகளில் முதன்முறையாக நான் அலுவலகத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அவளுடைய கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மருந்தை மணி தவறாமல் கொடுத்தேன். மகனே, நான் சிறிது பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். விதியைவிட மனைவி பெரிதென்று காட்டிவிட்டதாக எண்ணினேன்.

முதல் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குக் கண் விழித்து, "இன்னைக்குத் திங்கக்கிழமை இல்லையா? எட்டுப் பத்து வண்டிக்குப் போகலையா?" என்றாள்.

"உனக்கு இப்படி இருக்கும்போது எப்படிப் போவேன்?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நீங்க போயிட்டு வாங்க. டாவ் மியா பாத்துக்குவாங்க."

"போகமாட்டேன். நீ தூங்கு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறு வாரமும் அதே நாளில் அதே கேள்வியைக் கேட்டாள். மூன்றாம் திங்களன்று, பேசவே மூச்சு வாங்கிய நிலையில், "ஒரு நாள் மட்டும் போயிட்டு வாங்களேன்" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். என் வேலைக்கு ஊறு வருமோ என்று அஞ்சுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கடமையுணர்ச்சி மிகுதி என்று மனத்துக்குள் மெச்சினேன். அந்த வாரம் வியாழக்கிழமை அவள் இறந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் நீ எனக்கு எதிரே நின்றாய். மண் போட்டு முடிந்ததும், வீட்டுக்கு வா, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லத்தான் உன்னருகே வந்தேன். என் வாயிலிருந்து வந்ததோ, "ஏழு மணிக்கு ஜெபம்" என்பது. வேறு விதமாக அழைக்க எனக்குத் தெரியவில்லை. நீ, "நேரம் எனக்குத் தெரியும்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய். அது அழைப்பென்று நீ அறிந்திருக்க வழியில்லை. அன்று ஏழு மணிக்கு மேசையில் உன் இடத்துக்கு ஒரு தட்டு வைத்திருந்தேன். ஒன்பதரை வரை அது நிமிர்ந்தே இருந்தது.

மூன்று வாரங்களுக்குப் பின், அடுப்பைச் சுத்தம் செய்வதற்காக, அட்டையை ஒட்டிய நாளுக்குப் பின் முதன்முறையாக அந்த மூங்கில் தட்டிக்குப் பின்னால் போனேன். அங்கே இரண்டு குட்டை மணைகள் எதிரெதிராக இருந்தன. சிறு பலகையின்மேல் உன் தட்டு இருந்தது: நீல விளிம்பும் ஓரத்தில் ஒரு சிறு உடைவும் உள்ள அதே தட்டு. ஆறு ஆண்டுகள் மூலையில் கிடந்த தட்டைப் போல அது இல்லை. தேய்த்துத் தேய்த்து நீல விளிம்பு வெளுத்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கப்பால் நின்ற டாவ் மியாவைப் பார்த்தேன்.

"சயாவுக்குத் தெரியாதா?" என்றார். "திங்கக்கிழமை திங்கக்கிழமை தம்பி வருவார்ல. நீங்க ரயிலுக்குப் போவீங்க, தம்பி பின்னால கதவுல வருவார். அம்மாவும் தம்பியும் மீன் சாப்பிடுவாங்க. ரொம்பச் சிரிப்பாங்க. அம்மா உங்களை மாதிரி ஜெபம் செஞ்சு காட்டும், கடிகாரம் பாத்துப் பாத்து."

அவரே தயங்கித் தயங்கி மீதியையும் சொன்னார். "அம்மா படுத்தப்பவும் தம்பி வந்தார். மூணு திங்கக்கிழமை. மழையில அந்தச் சந்துல நின்னார். நான்தான் போய், சயா வீட்டுல இருக்கார்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். தப்பா, சயா?"

தப்பு அவருடையதன்று. உன் தாய் மூன்று திங்கட்கிழமை என்னிடம் கேட்டது என்ன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உன்னைப் பார்க்க விரும்பினாள். அதற்கு நான் வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை அன்பின் பொருட்டு அட்டவணையை மீறினேன். அந்த மீறலால் உன்னை மழையில் நிறுத்தினேன், அவளை உன்னைக் காணாமல் சாகச் செய்தேன். அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று சில நாள் அவள்மேல் கோபப்பட்டேன். பிறகு என்னையே நேர்மையாகக் கேட்டுப் பார்த்தேன். சொல்லியிருந்தால் முன்பெல்லாம் நான் என்ன செய்திருப்பேன்? திங்கட்கிழமையையும் மூடியிருப்பேன். அவள் சொல்லாதது சரியே. ஆறு ஆண்டுகள் என் மேசையில் ஒழுங்கு குலையவில்லை என்று நம்பியிருந்தேன். குடும்பம் சாப்பிட்டது அந்த மேசையில் அல்ல, தட்டிக்குப் பின்னால் மணைகளின்மேல். கவிழ்ந்திருந்த தட்டு என்னுடையது.

அதன் பின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக அந்த அடுப்பை நானே எரிக்கிறேன். முதல் மூன்று முறை சுவரிலுள்ள அட்டையைப் பின்பற்றினேன். தணலை வாரினேன், கையை நீட்டினேன், கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு விநாடிகள் தாங்கும்வரை காத்திருந்து மீன் சட்டியை உள்ளே வைத்தேன். ஆறு மணி நேரம் கழித்தும் முள் முள்ளாகவே இருந்தது. மூன்றாம் முறைதான் பிழையைக் கண்டுபிடித்தேன். விநாடியைச் சரியாகத்தான் குறித்திருக்கிறேன்; அது எவருடைய கை என்பதைக் குறிக்கவில்லை. பேனா பிடித்த என் கை பதினெட்டு விநாடி தாங்கும் சூடு வேறு. இருபத்தேழு ஆண்டுகள் அனலுக்குள் போய் வந்த அவள் கை தாங்கிய சூடு வேறு. எனக்குப் போதுமென்று தோன்றிய வேளையில் அடுப்பு ஆறிப் போயிருந்தது. அவள் எவ்வளவு சூட்டைத் தாங்கினாள் என்பதை அந்த அடுப்பு எனக்குக் கற்பித்தது.

சென்ற ஞாயிறு, அனலில் பழகிய டாவ் மியாவைக் கையை நீட்டச் சொல்லி, நான் அருகில் நின்று ஜெபத்தைச் சொன்னேன். என் வழக்கப்படியன்று, உன் தாய் சொல்லும் வேகத்தில் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் வரிக்கு முன்னால் அவள் எப்போதும் ஒரு மூச்சு நிறுத்துவாள், நானும் நிறுத்தினேன். அந்த ஒரு மூச்சு நீண்டுவிட்டது. "சயா, உங்க சாமிக்கிட்ட சீக்கிரம் பேசுங்க, என் கை வேகுது!" என்று டாவ் மியா கத்தினார். இருவரும் சிரித்தோம். அவள் போன பிறகு அந்தக் கொல்லையில் எழுந்த முதற்சிரிப்பு அதுவே. அன்று ஏழு மணிக்குச் சட்டியைத் திறந்தபோது முள் கரைந்திருந்தது. அத்தனை நல்ல மீனைத் தனியே உண்ண என்னால் முடியவில்லை. முழுவதையும் வேலிக்கு அப்பால் கொடுத்துவிட்டேன்.

நீ போகிற ஊரில் உனக்கும் ஒரு வீடு அமையும். ஒரு மேசை அமையும். அங்கே ஒழுங்கு வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீ நம்ப மாட்டாய். ஒரு விதியை ஏற்படுத்தினால், உன் முதுகுக்குப் பின்னால் அதை யார் எதற்காக மீறுகிறார்கள் என்று கோபமில்லாமல் போய்ப் பார். அவர்கள் உன்னை ஏமாற்றுபவர்களாக இருக்க வேண்டியதில்லை. உன்னால் இடிந்ததை ஓசைப்படாமல் கட்டிக்கொண்டிருப்பவர்களாகவும் இருக்கலாம்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். வரும் ஞாயிறு மதியம் உல்ல மீன் அடுப்பில் ஏறும். அன்றிரவு அதை நான் திறக்கப்போவதில்லை. திங்கட்கிழமை காலைக்கென்று அது உள்ளேயே இருக்கும். மூங்கில் தட்டியை எடுத்துவிட்டேன். பின் கதவைத் தாழிடமாட்டேன். அன்று வீட்டிலிருக்க விடுப்பு வாங்கியிருக்கிறேன். ஆனால் முன்பு செய்த தவற்றை மறுபடி செய்ய மாட்டேன். நானிருந்தால் நீ உள்ளே வரமாட்டாய் என்றால், டாவ் மியாவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. எட்டுப் பத்து வண்டியில் போய்விடுகிறேன். நீ உன் மணையில் அமர்ந்து, அவள் மணைக்கு எதிரே, நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படு. அதுவே எனக்குப் போதும் என்று எழுதினால் பொய்யாகும். ஆனாலும் போவேன்.

எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நான் எழுதவில்லை. அந்த மீன் தாமதத்தால் கெடுவதில்லை.

கதவைத் திறக்கும்போது கையைச் சுட்டுக்கொள்ளாதே. பிடிதுணி அடுப்புக்கு இடப்பக்கம், கீழே இருக்கும் ஆணியில் தொங்குகிறது. இது உனக்கு ஆறு ஆண்டுகளாகத் தெரிந்த இடம். தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது எனக்குத்தான்.

உன் தகப்பன்